பெயருக்குப் பின்னால் வரும் வால்

"நேற்று ரயிலில் நான் சந்தித்த ஆள் எனக்கு ஒரு வரைபடம் கொடுத்தார்." தமிழில் இதைப் படிக்கும்போது, 'ஆள்' என்ற சொல் வருவதற்குள் அவரைப் பற்றிய விவரமெல்லாம் வந்து முடிந்துவிடுகிறது. சீனத்திலும் அப்படித்தான். விவரம் முன்னால், பெயர் பின்னால், இரண்டையும் ஒட்டவைக்க நடுவில் 'த' என்று ஒரு சிறு அசை. நம் 'சந்தித்த'வின் கடைசி 'த'வும் அதுவும் ஒன்றுபோல ஒலிப்பது தற்செயல்தான் என்றாலும், செய்யும் வேலை ஒன்றே.

ஆங்கிலம் இதைத் திருப்பிப் போடுகிறது: "தி மேன் ஐ மெட் ஆன் தி ட்ரெயின் எஸ்டர்டே கேவ் மீ எ மேப்." ஆள் முதலில் வந்து நின்றுவிடுகிறார். விவரம் அவருக்குப் பின்னால் வாலாக நீள்கிறது. இதில் எட்டாம் வகுப்புச் சீன மாணவருக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் வரைபடத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டால் தடுமாறுவார். 'ஐ மெட்' வந்ததும் அதையே முதன்மை வாக்கியமாக எடுத்துக்கொள்வதால் 'கேவ்' என்ற வினை அநாதையாகிவிடுகிறது.

சீன மாணவர்களுக்கான ஆங்கிலப் பயிற்சித் தாள்களில் பெரும்பாலானவை இந்த இடத்தைப் போதுமான அளவு தொடுவதில்லை என்பது என் எண்ணம். சொற்பட்டியல் கொடுக்கிறார்கள், இலக்கண விதி கொடுக்கிறார்கள், பத்தி கொடுத்துக் கேள்வி கேட்கிறார்கள். மூன்றும் தனித்தனியாக ஓடுகின்றன. மாணவரின் தாய்மொழி எந்த இடத்தில் அவரைக் கைவிடுகிறது என்று பார்த்துப் பயிற்சியை அங்கே குவிக்க வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தமிழ் பேசும் ஆசிரியர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பெயரெச்சம் நமக்கும் பெயருக்கு முன்னால்தான் வருகிறது. அந்தத் தடுமாற்றத்தை நம் மொழியை வைத்தே உணர்ந்துகொள்ளலாம்.

சீனாவில் உயர்நிலைப் பள்ளி முடிப்பவர்கள் ஜூன் மாதம் எழுதும் காவ்காவ் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், 120 நிமிடம். பெரும்பாலான மாகாணங்கள் இப்போது எழுதும் புதிய தேசியத் தாளில் கேட்டல் 30, வாசிப்பு 50, மொழிப் பயன்பாடு 30, எழுத்து 40. மொழிப் பயன்பாட்டில் பாதி, அதாவது 15 மதிப்பெண், யூஃபா தியன்கோங் எனப்படும் இலக்கணக் கோடிட்ட இடங்களுக்கு: 10 இடம், ஒவ்வொன்றுக்கும் 1.5. எழுத்துப் பிழை இருந்தால் அந்த 1.5 முழுதும் போய்விடும். இந்தத் தாளில் ஏறக்குறைய எல்லாப் பகுதியும் ஏதோ ஒரு விதத்தில் அந்த வாலைத்தான் சோதிக்கிறது.

வாலைப் பழக்க மூன்று வாரம் போதும், நாளுக்குக் கால் மணி நேரம்.

முதல் வாரம் கண்டுபிடிப்பு மட்டும். ஒரு தாளில் 12 வாக்கியங்கள், ஒவ்வொன்றும் 12 முதல் 15 சொற்கள். முதல் நான்கில் 'ஹூ', 'விச்', 'தட்' வெளிப்படையாக இருக்க வேண்டும். அடுத்த நான்கில் அவை விடுபட்டிருக்க வேண்டும். கடைசி நான்கில் வால் எச்சமாகச் சுருங்கியிருக்க வேண்டும்: "தி ஸ்டூடன்ட்ஸ் இன்வைட்டட் டு தி பார்ட்டி வேர் லேட்" என்பதுபோல. மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. மாணவர் வினைமுற்றுகள் எல்லாவற்றுக்கும் அடிக்கோடு போடுவார், வாலைச் சதுர அடைப்புக்குள் வைப்பார், அடைப்பை விட்டுவிட்டு மிச்சத்தைப் படிப்பார். மிச்சம் முழு வாக்கியமாக நின்றால் அடைப்பு சரி. பன்னிரண்டையும் முடிக்க 15 நிமிடத்துக்கு மேல் ஆனால் வாக்கியங்கள் நீளம் என்று பொருள். மறுநாள் குறைத்துக் கொடுங்கள்.

நடு நான்கில்தான் பலர் விழுவார்கள். 'தட்' விடுபட்டிருந்தாலும் கண்ணுக்கு ஒரு தடயம் இருக்கிறது: காற்புள்ளியோ 'அன்ட்'டோ இல்லாமல் இரண்டு பெயர்கள் மோதிக்கொள்ளும். "தி மேன் ஐ", "தி புக் மை சிஸ்டர்". மோதும் இடத்தில் அடைப்பைத் திற. எழுவாய்க்கு வால் முளைத்திருந்தால், இரண்டாவது வினைமுற்றுக்குச் சற்று முன் மூடு. செயப்படுபொருளுக்கு வால் என்றால் பெரும்பாலும் முற்றுப்புள்ளியில் மூடும். இந்த ஒரு கண் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சுருங்கிய வாலில் வேறு சிக்கல். 'இன்வைட்டட்' பார்வைக்கு இறந்தகால வினைமுற்றுபோலவே இருக்கிறது. அதனால் 'ரிட்டன்', 'டேக்கன்', 'நோன்', 'கிவன்' என்று இறந்தகால வடிவத்திலிருந்து வேறுபட்டு நிற்கும் வினைகளில் தொடங்குங்கள். அவை முற்றாக இருக்க வழியே இல்லை. நான்கைந்து நாள் கழித்து 'மேட்', 'பில்ட்', 'ஃபவுண்ட்', 'கால்ட்' என்று இரண்டும் ஒரே வடிவில் உள்ளவற்றுக்குப் போகலாம். அப்போது சோதனை இது: இது முற்று என்றால் யாரை அழைத்தார்கள்? செயப்படுபொருள் இல்லை, பின்னால் 'வேர்' வேறு காத்திருக்கிறது. ஆகவே எச்சம்.

இரண்டாம் வாரம் கட்டுதல். இரண்டு குறு வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாக்கச் சொல்ல வேண்டும். இங்கே இரண்டு பிழைகள் தவறாமல் வரும். ஒன்று, "தி புக் தட் ஐ பாட் இட்" என்று பழைய 'இட்' மிச்சமாக நின்றுவிடுவது. அடைப்பைப் போட்டு, உள்ளே அந்தப் பெயர் இருந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் போய்விடும். மற்றது பிடிவாதமானது: "தேர் ஆர் மெனி பீப்பிள் லைக் இட்." சீனத்தில் 'நிறையப் பேர் உண்டு, விரும்புகிறார்கள்' என்று இரண்டு வினையையும் ஒரே மூச்சில் அடுக்கலாம். அதன் நேர் நகல் இது. வாலுக்குள் எழுவாயாக நிற்கும் 'ஹூ'வை விடவே முடியாது, செயப்படுபொருளாக நிற்பதைத்தான் விடலாம் என்ற விதியைச் சொன்னால் மட்டும் போதாது. இதே வகையில் பத்து வாக்கியம் எழுதவைக்க வேண்டும்.

மூன்றாம் வாரம்தான் வாசிப்பு. ஆசிரியர் உரக்கப் படித்துப் பெயரில் நிறுத்துகிறார்: "தி மேன்..." மாணவர் மனத்துக்குள் கேட்க வேண்டிய கேள்வி 'எந்த ஆள்?' அதற்கு விடையாக வால் வருகிறது. கண் முன்னோக்கி மட்டுமே போக வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் சீனத்துக்கு மாற்றிப் பழகியவர்கள் வாலின் நுனிவரை போய், அங்கிருந்து பெயருக்குத் திரும்பி வந்து, மறுபடி முன்னே போவார்கள். பொருள் சரியாகத்தான் கிடைக்கும், ஆனால் நேரம் இரட்டிப்பாகும். தேர்வில் கடைசிப் பத்தி முடியாமல் போவதற்குச் சொல்வளக் குறைவைவிட இந்தப் பின்னோக்கிய நடைதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

வினைமுற்றை எண்ணும் பழக்கம் இலக்கணக் கோடிட்ட இடத்துக்கும் நேராக உதவுகிறது. ஒரு வாக்கியத்தில் வினைமுற்றுகள் எத்தனையோ, அதைவிட ஒன்று குறைவாக இணைப்புச் சொற்கள் இருக்கும், விடுபட்ட 'தட்'டையும் சேர்த்து. அடைப்பில் ஒரு வினை கொடுக்கப்பட்டால் முதல் கேள்வி காலம் பற்றியது அல்ல. இந்தத் தொடரில் முற்று ஏற்கெனவே இருக்கிறதா என்பதுதான். இல்லை என்றால் முற்று வேண்டும். பிறகுதான் காலம், செயப்பாட்டு வினையா, ஒருமையா பன்மையா என்ற மூன்றையும் பார்ப்பது. இருக்கிறது, கூடுதல் இணைப்புச் சொல்லும் இல்லை என்றால் எச்சம் வேண்டும்: தானே செய்தால் ஐ-என்-ஜி, செய்யப்பட்டால் ஈ-டி, இனிச் செய்ய இருந்தால் 'டு'. மாணவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 'எஸ்டர்டே'யைப் பார்த்ததும் ஈ-டியை ஒட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள். எந்தச் சொல்லும் கொடுக்காத வெறும் இடங்களுக்கு வேட்பாளர்கள் மிகக் குறைவு: சுட்டிடைச்சொல் ('எ', 'ஆன்', 'தி'), முன்னிடைச்சொல் ('இன்', 'அட்' போன்றவை), இணைப்புச்சொல், பிரதிப்பெயர். சுட்டிடைச்சொல் என்றால் எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்கப் பழக்குங்கள். மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' முன் 'ஆன்', 'யுனிவர்சிட்டி' முன் 'எ'. எட்டு என்ற இலக்கத்தின் முன் 'ஆன்' வரும், ஏனென்றால் அது 'எய்ட்' என்று ஒலிக்கிறது.

காலத்தில் சறுக்கலுக்குக் காரணம் 'ல' என்ற இன்னொரு சிறு அசை. வினை முடிந்ததையும் அது குறிக்கும், நிலை மாறியதையும் குறிக்கும். சீனர் வானத்தைப் பார்த்து 'மழை ல' என்றால் மழை இப்போதுதான் தொடங்குகிறது என்று பொருள். 'மிகவும் களைப்பு ல' என்றால் இந்தக் கணம் களைப்பாக இருக்கிறது. 'ல' என்றால் ஈ-டி என்று ஒருமுறை மனத்தில் பதிந்த மாணவர் "இட் ரெயின்ட்", "ஐ வாஸ் டூ டயர்ட்" என்று எழுதுவார். 'ல' உள்ள பத்துச் சீன வாக்கியங்களை எடுத்து, எது முடிந்த செயல், எது இப்போதைய நிலை என்று இரு கூறாகப் பிரிக்கவைப்பதுதான் மருந்து. ஆங்கிலத்தை அதற்குப் பிறகு தொடலாம்.

ஈ-டி, எஸ் விகுதிகள் காணாமல் போவதற்கு ஒலியும் ஒரு காரணம். மாண்டரினில் ஓர் அசை உயிரிலோ, 'ன்', 'ங்' ஒலியிலோ, நாக்கை மடக்கிச் சொல்லும் 'ர்'ரிலோதான் முடியும். 'வாக்ட்' என்பதன் இறுதியில் நிற்கும் இரட்டை மெய்யைச் சொல்ல வாய் பழகவில்லை, கேட்கக் காதும் பழகவில்லை. கேட்காததைக் கை எழுதாது. ஹாங்காங்கின் கான்டனீஸில் இறுதி ப், த், க் உண்டு, ஆனால் அவை வாய்க்குள்ளேயே அடங்கிவிடும், வெடிக்காது. ஆகவே அங்கும் விகுதி மறைகிறது. விதியை நூறாவது முறை விளக்குவதைவிட, 'வாக்', 'வாக்ஸ்', 'வாக்ட்' மூன்றையும் கலந்து படித்து எது என்று விரலால் 1, 2, 3 காட்டச் சொல்லும் ஐந்து நிமிடப் பயிற்சி அதிகப் பலன் தரும்.

வேறு நகல்கள் உண்டு, அவை எளிதில் தீரும். 'சுய்ரான்' (என்றாலும்), 'தான்ஷ்' (ஆனால்) என்று சீனத்தில் இணையாகவே வருவதால் 'ஆல்தோ'வுக்குத் துணையாக 'பட்' வந்துவிடும். 'பிகாஸ்' உடன் 'சோ'வும் அப்படியே. 'மிகவும்' என்று பொருள்படும் 'ஹென்' வினைக்கு முன்னும் வருவதால் "ஐ வெரி லைக்". 'காய்' என்ற ஒரே சொல் கதவையும் திறக்கும் விளக்கையும் போடும், அதனால் "ஓபன் தி லைட்". 'அவன்', 'அவள்', 'அது' மூன்றும் பேச்சில் 'தா' என்றே ஒலிப்பதால் 'ஹி', 'ஷி' மாறும். இது அறியாமை இல்லை, பேச்சு வேகத்தில் மட்டும் வருவது. எழுத்தில் அவரே திருத்திக்கொள்வார். பேசும்போது குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம்.

எண்களுக்கு மட்டும் கொஞ்சம் நின்று போக வேண்டும். சீனம் பத்தாயிரத்தை 'வான்' என்றும் பத்துக் கோடியை 'யீ' என்றும் அலகாக்கி நான்கு நான்கு இலக்கமாக எண்ணுகிறது. ஆங்கிலம் மூன்று மூன்றாக. லட்சத்தையும் மில்லியனையும் மாற்றி மாற்றிக் குழம்பியவர்களுக்கு இது புரியும். கேட்டல் பகுதியில் மக்கள்தொகை, விலை வந்தால் தடுமாறுவது இதனால்தான். ஆங்கிலத்தில் சொல்லக் கேட்டதும் இலக்கமாக எழுதி, காற்புள்ளியை மூன்று இலக்கத்துக்கு ஒன்றாகப் போட வேண்டும், நாளுக்கு ஐந்து எண்.

சொல்வளத்துக்கு வருவோம். சீனப் பள்ளிப் பிள்ளைகளிடையே நெடுநாள் புழங்கும் ஒரு பேச்சு: சொற்புத்தகம் அகர வரிசையில் 'அபாண்டன்' என்று தொடங்கும். ஒவ்வொரு விடுமுறையிலும் புதிதாகத் தொடங்குவார்கள், சில பக்கத்தில் கைவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் 'கைவிடு' என்ற அந்தச் சொல் மட்டும் நன்றாகத் தெரியும். அகர வரிசை கற்பதற்கு உகந்த வரிசையே இல்லை. அமைதியைக் குறிக்கும் 'க்வையட்', ஓரளவைக் குறிக்கும் 'க்வைட்' போல ஒத்த உருவச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒன்றையொன்று அழிக்கின்றன.

அவசரமும் தேவையில்லை. 2022ஆம் ஆண்டுப் பாடத்திட்டப்படி ஒன்பதாம் வகுப்பு முடிவில் 1600 சொற்கள். உயர்நிலைப் பாடத்திட்டத்தின் முழுப் பட்டியல் 3000. இடையில் உள்ள 1400 சொற்களுக்கு மூன்று ஆண்டு இருக்கிறது. ஆண்டுக்கு 40 வாரம் என்று வைத்தாலும் வாரத்துக்குப் பன்னிரண்டுதான் வருகிறது. நாளுக்கு 50 சொல் என்று பிள்ளைகளை ஓட்டுவதற்கு இந்தக் கணக்கில் எந்த நியாயமும் இல்லை. மிச்சமாகும் நேரத்தை ஒவ்வொரு சொல்லையும் ஆழமாகக் கற்கச் செலவிடலாம்.

ஆழம் வேண்டியது எதற்கு? 'அட்ரஸ்' என்றால் முகவரி, 'புக்' என்றால் புத்தகம், 'மீட்' என்றால் சந்தி, 'ரன்' என்றால் ஓடு என்று ஒன்றுக்கு ஒன்றாக ஒட்டிப் படித்தவர், ஒரு பிரச்சினையை 'அட்ரஸ்' செய்வதையும், அறையை 'புக்' செய்வதையும், தேவையை 'மீட்' செய்வதையும், கடையை 'ரன்' செய்வதையும் பத்தியில் கண்டால் திகைக்கிறார். சீன ஆசிரியர்கள் இதைத் தெரிந்த சொல்லின் புதுப் பொருள் என்று தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள், தேர்வும் இதை விரும்பிக் கேட்கிறது. எனவே வாரத்தின் பன்னிரண்டில் நான்கு, ஏற்கெனவே தெரிந்த சொல்லின் புதுப் பொருளாக இருக்கட்டும்.

அட்டையின் முன்பக்கம் சொல்லையும் பின்பக்கம் சீனப் பொருளையும் எழுதுவது பலவீனமான முறை. முன்பக்கம் ஓர் இடம் காலியான ஆங்கில வாக்கியமும் முதல் எழுத்தும் எழுதுங்கள். பின்பக்கம் சொல், அதோடு சேர்ந்து வரும் இரண்டு துணைச் சொற்கள், குடும்பத்தில் இன்னொரு வடிவம். 'டிசிஷன்' என்றால் 'மேக்' துணைச் சொல், 'டிசைட்' குடும்பம். புரட்டும் நாட்கள் 1, 3, 7, 15, 30. ஒரு வாரம் தவறினால் அட்டைகள் குவிந்து மலைக்கவைக்கும். ஒரே நாளில் 60க்கு மேல் சேர்ந்துவிட்டால் புதிய சொல்லை நிறுத்திவிட்டுப் பழையதை மட்டும் வடிக்க வேண்டும்.

சீன மாணவரின் பலம் ஒன்றையும் இங்கே பயன்படுத்தலாம். ரயில் அவர்களுக்கு 'நெருப்பு வண்டி', தொலைபேசி 'மின் பேச்சு', கணினி 'மின் மூளை'. சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பது அவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலேயே வந்த கலை. 'போர்ட்' என்றால் சுமத்தல் என்று காட்டி 'இம்போர்ட்', 'எக்ஸ்போர்ட்', 'ட்ரான்ஸ்போர்ட்', 'போர்ட்டபிள்' என்று வைத்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள். எண்ண முடியாத பெயர்களும் அப்படியே. சீனத்தில் எந்தப் பெயரையும் எண்ண இடையில் ஓர் அளவுச்சொல் வேண்டும். 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' எல்லாம் சீனப் பெயர்கள்போல நடந்துகொள்பவை, 'எ பீஸ் ஆஃப்' என்பது அவற்றின் அளவுச்சொல் என்று ஒரு வரி சொன்னால் போதும். எவை அப்படி என்பதை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

வாசிப்புக்கு எடுக்கும் பத்தியின் தரத்தை அறிய நூறு சொல்லை எண்ணுங்கள். தெரியாதவை இரண்டுக்குள் இருந்தால் அகராதி இல்லாமல் வேகமாகப் படிக்க ஏற்றது. மூன்று முதல் ஐந்து என்றால் ஆசிரியரோடு வரிவரியாகப் படிக்கலாம். அதற்கு மேல் என்றால் ஒதுக்கிவையுங்கள், எவ்வளவு நல்ல பத்தியானாலும். வரிவரியான படிப்பு மட்டுமே நடக்கும் வகுப்புகளில் வேகம் வளர்வதே இல்லை. வாரத்தில் நான்கு நாளாவது 15 நிமிடம் எளிய நூலை நிறுத்தாமல் படிக்க வேண்டும்.

பலவுள் தெரிவுக் கேள்விகளில் சரியான விடையைவிடத் தவறான விடைகளே அதிகம் கற்றுத்தரும். சீன ஆசிரியர்கள் அவற்றுக்கு நான்கெழுத்து மரபுத்தொடர்களால் பெயர் வைத்திருக்கிறார்கள். பத்தியில் இல்லாததைச் சொல்வது 'இன்மையிலிருந்து உண்டாக்கல்'. ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் கட்டுவது 'ஜாங்கின் தொப்பி லீயின் தலையில்'. ஒரு பகுதியை வைத்து முழுவதையும் சொல்வது மூன்றாவது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கும் நம் வழக்கம் இந்தத் தேர்வில் செல்லாது. இவற்றோடு நேரெதிர்ப் பொருளையும் சேர்த்து நான்கு வகை. விடை தேர்ந்ததும் நிறுத்தாமல், சரியானதற்கு வரி எண்ணும், தள்ளிய மூன்றுக்கு வகைப் பெயரும் ஓரத்தில் எழுத வேண்டும். தொப்பி மாறிய விடைகளில்தான் வால் மறுபடி வருகிறது: யார் சொன்னார், யார் செய்தார் என்ற குழப்பம் பெரும்பாலும் ஓர் அடைப்பைத் தவறாக மூடியதால் வந்தது. பத்தியின் சொற்களை அப்படியே திருப்பிச் சொல்லும் தெரிவை உடனே நம்பக் கூடாது. சரியான விடை பெரும்பாலும் வேறு சொல்லால் வரும்.

எழுத்தில் 25 மதிப்பெண் ஒரு கதைப் பகுதியைப் படித்துவிட்டு, கொடுத்த இரண்டு தொடக்க வாக்கியங்களிலிருந்து இரு பத்திகளாகச் சுமார் 150 சொல்லில் தொடர்வதற்கு. இங்கே காற்புள்ளி பெரிய எதிரி. சீனத்தில் ஒரு காட்சி முடியும்வரை காற்புள்ளியிலேயே ஓடலாம். "ஹி ஓபன்ட் தி டோர், ஹி சா ஹிஸ் மதர், ஷி வாஸ் க்ரையிங்" என்பது அந்தப் பழக்கத்தின் பலன். முற்று மூன்று, இணைப்பு பூஜ்யம். முற்றை எண்ணிப் பழகியவர் இதைத் தானே பிடிப்பார்: முதலிரண்டுக்கு நடுவில் 'அன்ட்', மூன்றாவதை வாலாக்கி "ஹிஸ் மதர், ஹூ வாஸ் க்ரையிங்".

எழுதி முடித்ததும் ஒரே வாசிப்பில் எல்லாப் பிழையையும் தேடினால் ஒன்றும் அகப்படாது. மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் தேட வேண்டும். முதலில் வினைகள் மட்டும், காலமும் எஸ்ஸும். அடுத்து பெயர்கள் மட்டும், பன்மையும் சுட்டிடைச்சொல்லும். கடைசியில் காற்புள்ளிகள் மட்டும். மூன்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம். அகப்பட்ட பிழையைத் திருத்தி ஏட்டில் எழுதி வைப்பதோடு விடாமல், இரண்டு வாரம் கழித்து அதே வாக்கியத்தைப் பிழையோடு, எங்கே பிழை என்று சொல்லாமல், மறுபடி அவரிடம் கொடுங்கள். அவரே கண்டுபிடித்தால் ஏட்டிலிருந்து அடித்துவிடலாம். தெரியாமல் கடந்துபோனால் அது இன்னும் இரண்டு வாரம் ஏட்டில் இருக்கட்டும்.